மின்னூல் திணையியல்

பாயிரம்

எல்லை சொல்லாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது தமிழ் மரபு. வேங்கடத்தையும் குமரியையும் நட்டுவைத்த பிறகுதான் தொல்காப்பியத்தின் பாயிரமே அடுத்த பேச்சுக்குப் போகிறது. இந்தச் சிறுநூலுக்கு அவ்வளவு பெரிய நிலம் வேண்டாம். கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரிக்கரை, தெற்கே பூந்தமல்லி. இதற்குள் வாழும் வாசகரைப் பற்றியது இது.

இந்த எல்லைக்குள்ளேயே ஒரு பழைய வழக்கு உண்டு. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் வருவாய்க் கணக்கிலும் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஆவடி 2019-இல் தானே ஒரு மாநகராட்சி ஆனது, ஆனாலும் திருவள்ளூர் மாவட்டம்தான். பூந்தமல்லியும் அப்படியே. ஆகவே "நாங்க சென்னை, நீங்க திருவள்ளூர்" என்ற பேச்சு கல்யாணப் பந்திகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பதிப்பகங்கள் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டன. அவர்கள் ஒப்பந்தத்தில் 600053, 600054, 600056 மூன்றும் ஒரே நிலம். அதற்குப் பெயர் இந்தியத் துணைக்கண்டம். காத்மாண்டுவும் கொழும்பும் மாலேயும் அதே தெருவில்தான் இருக்கின்றன.

நுதலிய பொருள்: மின்னூல் கடையில் காசு கொடுக்கத் தயாராக நிற்பவரிடம் 'இந்த நூல் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை' என்று திரை சொல்வதும், அப்படிச் சொல்லப்பட்டவருக்குச் சட்டத்தில் என்ன இடம் என்பதும். கேட்போர்: திருவள்ளூர் லோக்கலில் இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றபடி செல்போனில் படிப்பவர். பயன்: பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

முதற்பொருள்

அகப்பொருள் இலக்கணத்தில் முதற்பொருள் இரண்டு: நிலம், பொழுது. பதிப்பு ஒப்பந்தத்திலும் அதே இரண்டுதான் தலைமாட்டில் நிற்கின்றன. எந்த நிலத்தில் விற்கலாம், எத்தனை காலம் விற்கலாம். ஒரு நாவலாசிரியரின் முகவர் உரிமையை முழுசாக ஒருவருக்கே கொடுப்பது அபூர்வம். வட அமெரிக்கா ஒருவருக்கு, பிரிட்டனும் காமன்வெல்த்தும் இன்னொருவருக்கு, துணைக்கண்டம் சில சமயம் மூன்றாமவருக்கு. கூறு போட்டு விற்றால்தான் எழுதியவருக்கு மூன்று பக்கமிருந்தும் முன்பணம் வரும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் கூற்றை எடுக்க ஆள் வராதபோதுதான் வம்பு. நூல் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, கடை இருக்கிறது, காசோடு வாசகரும் இருக்கிறார். ஆவடியில் விற்க உரிமை வாங்கியவர் மட்டும் இல்லை.

அஃதேல், அமெரிக்கப் பதிப்பாளரே விற்றுவிட்டுப் போகட்டுமே எனின், அற்றன்று. அவருக்கு இந்த நிலம் எழுதிக் கொடுக்கப்படவில்லை. விற்றால் அவர் ஒப்பந்தத்தை மீறியவர், கடைக்காரர் அதற்குத் துணை போனவர். எனவே யாரும் விற்காத நிலை எல்லோருக்கும் பத்திரமான நிலை ஆகிறது, வாசகர் ஒருவரைத் தவிர.

இந்த நிலப் பகுப்பின் வரலாறு சுவையானது. 1947-இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அமெரிக்க நூல் ஒன்றுக்குப் பிரிட்டன் உரிமை வாங்கினால் பழைய சாம்ராஜ்ய நாடுகள் அத்தனைக்கும் சேர்த்தே வாங்குவது, தனித்தனியாகக் கொடுத்தால் வாங்குவதில்லை என்பது அதன் சாரம். செங்கோட்டையில் கொடி மாறிய அதே ஆண்டு, இந்திய வாசகர் லண்டன் கணக்கில் புதிதாகப் பதிவானார். அமெரிக்க அரசு ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்ட பிறகு 1976-இல் அந்த உடன்படிக்கை முடிந்தது. பழக்கம் முடியவில்லை. 1984-இல் பெங்குவின் நிறுவனம், தன் நூல்கள் சிலவற்றின் அமெரிக்கப் பதிப்புகளை இறக்குமதி செய்த இந்திய விநியோகஸ்தர் மீது தில்லி உயர் நீதிமன்றம் போய் வென்றது. நூல் அசல்தான், அமெரிக்காவில் முறையாக அச்சானதுதான், காசு கொடுத்து வாங்கியதுதான். ஆயினும் இந்தியாவில் விற்கும் தனியுரிமை பெங்குவினுடையது, ஆகவே கொண்டுவந்தது மீறல் என்றது நீதிமன்றம்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்து லாபத்தை மறைக்கலாகாது. நிலப் பகுப்பால் இந்த ஊர்கள் வாழ்ந்திருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போனவர்கள் டிப்ளமோ படித்த காலத்தில், பிரிட்டிஷ் அரசு மானியத்தில் வந்த ஈ.எல்.பி.எஸ். பாடநூல்கள் கொள்ளை மலிவு. பிறகு வந்த மலிவுப் பதிப்புகளின் அட்டையில் 'இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூடான், இலங்கை, மாலத்தீவில் மட்டும் விற்பனைக்கு' என்று அச்சிட்டிருக்கும். அந்த வரியை அன்று யாரும் தடை என்று படித்ததில்லை. தள்ளுபடி என்றே படித்தோம். அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட்டில் இருக்கும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1951-இல் தொடங்கிய பதிப்பகம். மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டை நூல்கள் அவர்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்த விலையை நினைத்தால், எல்லைகளெல்லாம் வாசகருக்கு விரோதம் என்று மேடையில் முழங்க மனம் வராது.

அதே மலிவுப் பதிப்பு எதிர்த்திசையில் போனபோதுதான் பதிப்பாளர்களுக்கு வலித்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய ஆசியப் பதிப்புப் பாடநூல்களை ஈபேயில் விற்றார். ஜான் வைலி நிறுவனம் வழக்குப் போட்டது. 8 நூல்களுக்கு 6 லட்சம் டாலர் இழப்பீடு என்றது ஜூரி. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, முறையாக ஒருமுறை விற்ற பிரதியை வாங்கியவர் எங்கும் விற்கலாம் என்றது. அத்தை மகன் கையில் ஊறுகாயோடு நாலு புத்தகமும் கொடுத்தனுப்பும் குடும்பங்களுக்கு உலகின் மிகப் பெரிய நீதிமன்றங்களில் ஒன்று கொடுத்த ஆசீர்வாதம் அது. ஆனால் அது காகிதத்துக்கு. மின்னூலுக்கு அந்த வாசல் இல்லை. 'டாம் கபினெட்' வழக்கில் 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் மின்னூலை அப்படிக் கைமாற்றி விற்க முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

பொழுது என்னும் முதற்பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜார்ஜ் ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. ஆக 2011 முதல் நாளிலிருந்து '1984' நாவல் இங்கே பொதுச்சொத்து. அமெரிக்காவில் அது 2044 முடியும்வரை தனிச்சொத்து. பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இன்று அதை அடித்துக் கட்டி விற்கலாம். சியாட்டிலில் உலகின் மிகப் பெரிய புத்தகக் கடைக்காரர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நிலம் எப்போதும் ஒரு பக்கம் சாய்வதில்லை என்க.

கருப்பொருள்

இந்நிலத்துத் தெய்வம் உரிம ஒப்பந்தம். நேரில் கண்டவர் இல்லை, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எல்லோரும் கும்பிட்டிருக்கிறோம். உணவு ஓ.டி.பி.; பொழுது போனால் கெட்டுவிடும். கருவி கிண்டில் முதலியன. கிண்டில் 2007-இல் அமெரிக்காவில் பிறந்து, 2012 ஆகஸ்டில் ரூபாய் விலையோடு இந்தியக் கடை திறந்து, 2016 டிசம்பரில் தமிழ் பேசத் தொடங்கியது.

கருப்பொருளில் தனியாக நிற்கத்தக்கது வரி. நம் அரசு 2018 ஜூலையில் செய்த வகைப்பாட்டை இலக்கண ஆசிரியர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அச்சு வடிவமும் உள்ள மின்னூலுக்கு 5 சதவீதம். அச்சு வடிவமே இல்லாத மின்னூலுக்கு 18 சதவீதம். காகித உடம்பு இல்லாத ஆவிக்கு வரி அதிகம் என்பது கருத்து. ஏன் என்று உரைகாரர் எவரும் விளக்கக் காணோம்.

வங்கி அட்டையும் கருப்பொருளே. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும்; வேண்டுமென்றால் நாமே திறக்க வேண்டும். நூலின் நிலத்தைத் தாண்டியவரும் இந்த வாய்க்காலில் விழுவதுண்டு.

உரிப்பொருள்

நிலத்துக்கு நிலம் மனநிலை வேறுபடும். மின்னூல் நிலத்து வாசகர் மனநிலைகளில் முதலில் வைக்க வேண்டியது கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். அட்டைப்படம் தெரிகிறது. முதல் அத்தியாயத்தின் மாதிரி கூடச் சில சமயம் கிடைக்கிறது. விலை இருக்க வேண்டிய இடம் காலி. வாசகர் விரும்புகிறார், நூலுக்கு அவர் இருப்பதே தெரியாது. விருப்பப் பட்டியலில் போட்டுவைப்பது இத்திணையின் தொழில்.

இவருடைய சட்ட நிலைதான் இந்நூலின் நடுப்பகுதி, ஆகவே கொஞ்சம் நிற்போம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, யார் நுகர்வோர் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. விலை கொடுத்தவர், கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர், பாதி கொடுத்து மீதிக்கு வாக்குக் கொடுத்தவர் ஆகியோர் நுகர்வோர். நம் கைக்கிளைத் தலைவர் ஒரு பைசா கொடுக்கவில்லை, கொடுக்க விடவில்லை. எனவே அவர் நுகர்வோர் அல்லர். நுகர்வோர் அல்லாதவர் நுகர்வோர் ஆணையத்தில் வாய் திறக்க முடியாது. வாங்க முடியவில்லை என்பது அவருடைய குறை. வாங்கியிருந்தால்தான் குறை சொல்லலாம் என்பது சட்டம். இவ்வளவு சுத்தமான சுழலைத் தருக்க நூல் படித்தவர்கள்கூடத் திட்டமிட்டுக் கட்டியிருக்க முடியாது.

சட்டம் இரக்கம் இல்லாதது என்றும் சொல்லிவிட முடியாது. நுகர்வோர் உரிமைகளை அடுக்கும் இடத்தில், போட்டி விலையில் பலவகைப் பொருள்களை அணுகும் உறுதி உண்டு. அதற்கு முன்னால் 'இயன்ற இடத்தில்' என்று ஒரு சொற்கட்டு நிற்கிறது. நம் நூல் இயலாத இடத்தில் விழுந்துவிடுகிறது. நியாயமற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலில் 'விற்க மறுத்தல்' என்ற சொல்லைக் கண்டதும் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். முழுசாகப் படித்தால், அந்த மறுப்பினால் அப்பொருளின் விலையோ அதுபோன்ற பொருளின் விலையோ ஏற வேண்டும், அல்லது ஏற்றும் நோக்கம் இருக்க வேண்டும். விற்கவே இல்லாத நூலுக்கு விலை எங்கே ஏறும்? பதுக்கல் அரிசியை மனத்தில் வைத்து எழுதிய வரியைப் பரிசு பெற்ற நாவலுக்கு இழுத்தால் நடுவில் கிழிகிறது.

அடுத்தது இருத்தல். இந்தியப் பதிப்பு வரும் என்று பொறுத்திருப்பவர். பெரும்பாலும் வந்துவிடும், சில மாதம் கழித்து, சில சமயம் அமெரிக்க விலையில் பாதிக்கும் குறைவாக. பொறுமை உள்ள சாதி. இவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

ஊடல் என்பது வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுதல். மின்வணிக விதிகள் 2020 இதற்கு இலக்கணம் வகுத்திருக்கின்றன: குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடை வெளிநாட்டில் இருந்தாலும், இந்திய வாசகரைக் குறிவைத்துத் தொடர்ந்து விற்றால் விதி பொருந்தும். அமேசானில் இந்தியக் கிண்டில் பக்கத்தின் அடியில் பார்த்தால், விற்பவர் பெயராக 'அமேசான் ஏசியா பசிபிக் ஹோல்டிங்ஸ்' என்ற சிங்கப்பூர் நிறுவனத்தைக் காணலாம். சிங்கப்பூரிலிருந்து ஆவடிக்கு விற்பவருக்கு எல்லை தடையில்லை. ஆவடியிலிருந்து நியூயார்க்குக் கோப்பை வாங்குபவருக்குத்தான்.

பிரிதல் என்ற திணைக்கு உரியவர் வாங்கிவிட்டு இழந்தவர். 2009 ஜூலையில், அமெரிக்க உரிமை இல்லாத ஒருவர் ஏற்றி விற்ற ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் இரவோடு இரவாக எடுத்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டது. எடுத்த நூல்களில் '1984' ஒன்று என்பதை எந்த நாவலாசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். 2015 இறுதியில் பிளிப்கார்ட் மின்னூல் கடையை மூடி வாசகர்களைக் கோபோ என்ற இன்னொரு மின்னூல் கடை வசம் ஒப்படைத்தது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடி, விற்ற நூல்கள் அனைத்தையும் அழித்து, பணத்தைத் திருப்பித் தந்தது. நூலில் குறிப்பு எழுதிவைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஓரக்குறிப்புக்கு உலகச் சந்தையில் விலை நிர்ணயமானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மதுரவாயல் ஆலப்பாக்கம் மெயின் ரோடு முகவரியைப் பல்லாண்டு தன் நூல்களில் அச்சிட்டுவந்த வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை அமேசான் 2016-இல் வாங்கி, 2022 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்ததும் இத்திணையின் பாற்படும்.

பிரிந்தவர் சட்டத்தின் கண்ணில் நிச்சயம் நுகர்வோர். காசு கொடுத்திருக்கிறார். 'விற்கவில்லை, படிக்க உரிமம்தான் கொடுத்தோம்' என்று கடை சொல்லும். சொல்லட்டும், சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம். ஆவடிக்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால், காரணமில்லாமல் ஒருதலையாக முறித்துக்கொள்ளும் அந்த ஒப்பந்தமே நியாயமற்றது, அந்த வரியைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்க வேண்டுமானால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்படவில்லை. மாநில ஆணையத்துக்குச் சென்னை போக வேண்டும். 299 ரூபாய் நூலாக இருந்தாலும் சரிதான்.

திணை மயக்கம்

ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்தில் வந்து நிற்பதைத் திணை மயக்கம் என்பர். கணக்கின் முகவரியை நியூஜெர்சி என்று மாற்றி எழுதுபவர் செய்வது இதைத்தான். உடல் பட்டாபிராமில், பில்லிங் முகவரி எடிசனில். சித்தி வீட்டு முகவரி, சித்தப்பா அட்டை. "சித்தப்பா, ஓ.டி.பி. வந்துச்சா?" என்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் கேட்பது இத்திணையின் பாட்டு.

இதன் நுட்ப வடிவம் வி.பி.என். இந்தியாவில் வி.பி.என். வைத்திருப்பது குற்றமில்லை. 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு சேமித்துவைக்கும்படி வி.பி.என். நிறுவனங்களுக்குச் சொன்னதும், அவற்றில் பல தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின. அதனால் வேறு நாட்டவராக வேடம் போடும் நம் வாசகருக்கு ஒரு நட்டமும் இல்லை. கேள்வி பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவில் இருக்கிறது. 2012-இல் சேர்த்த பிரிவு அது. உரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. 'மீறும் நோக்கத்தோடு' என்ற சொற்களை உரையாசிரியர் கவனிக்க. முழு விலை கொடுத்து, தான் மட்டும் படிக்க ஒரு பிரதி வாங்குபவருக்கு மீறும் நோக்கம் எங்கிருந்து வரும்? இல்லை என்பதே என் கருத்து. அதற்காக அவர் தப்பித்துவிட்டதாகப் பொருளில்லை. கடையோடு செய்த ஒப்பந்தத்தில் பொய் முகவரி கொடுத்தவர் அவர். சிறைக்குப் போகமாட்டார், கணக்கு முடங்கலாம். நானூறு நூல் சேர்த்த கணக்கு முடங்குவதைச் சிலர் சிறையைவிட மோசம் என்பர்.

உண்மையிலேயே நிலம் மாறுகிறவருக்கு வேறு வகைத் தொல்லை. பூந்தமல்லியிலிருந்து டொரண்டோவுக்கு வேலைக்குப் போகிறவர் அரிசி முறுக்கையும் அம்மியையும் எடுத்துப் போகலாம், கடைக் கணக்கை அவ்வளவு சுலபமாக எடுத்துப் போக முடியாது. கூகுள் பிளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே திருமழிசை. அவ்வூரில் பிறந்த ஆழ்வார், தம் சீடனைப் பல்லவன் நாடு கடத்தியதும் தாமும் கிளம்பி, திருவெஃகாப் பெருமாளையும் கூப்பிட, பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனதாகக் கதை. வசிப்பிடம் மாறும் பக்தரோடு மொத்தச் சொத்தும் கூடவே வந்ததற்குப் புராணத்தில் சான்று இருக்கிறது. சேவை விதிமுறைகளில் இல்லை.

பெருந்திணையாகிய பொருந்தாக் காமத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். டெலிகிராமில் பி.டி.எப். தேடுதல் அது. அறிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது 63-ஆம் பிரிவு. 'விற்க மாட்டேன் என்றார்கள், அதனால் எடுத்தேன்' என்ற வாதம் மனித நியாயமாகப் படலாம். அதற்கு அந்தப் பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை.

வழக்கியல்

மின்வணிக விதிகளில் நான்காம் விதி, இந்நூல் எழுதத் தூண்டிய விதி. ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது. நுகர்வோர் உரிமையைப் பாதிக்கும்படி தன்னிச்சையாக அவர்களை வகைப்படுத்தவும் கூடாது என்கிறது அது. வகைப்பாட்டு நூல் எழுதுபவனுக்கு வகைப்பாட்டையே தடுக்கும் சட்டத்தைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம் வருவது இயல்பு. நான் மின்வணிக நிறுவனம் இல்லை என்ற தைரியத்தில் தொடர்கிறேன்.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்பத்தூர்க்காரர் போனால் என்ன ஆகும்? கடை இரண்டு பதில் வைத்திருக்கும். ஒன்று, ஒரே வகையாருக்குள் பாகுபாடே இல்லை: அம்பத்தூருக்கும் விற்கவில்லை, ஆவடிக்கும் விற்கவில்லை, நேபாளத்துக்கும் விற்கவில்லை, இதைவிடச் சமத்துவம் எங்கே கிடைக்கும்? இரண்டு, வகைப்பாடு தன்னிச்சையானதில்லை. பதிப்புரிமைச் சட்டம் தந்த உரிமையைப் பதிப்பாளர் நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறார், நாங்கள் அதன்படி நடக்கிறோம். இரண்டாவது பதில் கனமானது. போட்டிச் சட்டம் 2002-உம் அறிவுசார் உரிமையைக் காக்கப் போடும் நியாயமான நிபந்தனைகளுக்குத் தனி விலக்கே கொடுத்திருக்கிறது. இடம் பார்த்து விற்க மறுக்கக் கூடாது என்று 2018 டிசம்பர் முதல் சட்டம் நடத்தும் ஐரோப்பிய ஒன்றியம்கூட, அந்தக் கடமையிலிருந்து மின்னூலை விலக்கியே வைத்தது. மிதிவண்டியை மறுக்கக் கூடாது, நாவலை மறுக்கலாம்.

2010-இல் நம் நாடாளுமன்றத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. வெளிநாட்டில் உரியவர் அனுமதியோடு வெளியான பிரதியை இறக்குமதி செய்தால் அது கள்ளப் பிரதி ஆகாது என்று ஒரு வரியைத் திருத்த மசோதா கொண்டிருந்தது, நிலைக்குழுவும் ஆதரித்தது. பதிப்பாளர்கள் எதிர்த்தார்கள். மலிவான இந்தியப் பதிப்புகளே நின்றுபோகும், இங்கே விற்காமல் தேங்கிய வெளிநாட்டுச் சரக்கு வந்து குவியும் என்பது அவர்கள் அச்சம். அதில் பாதி நியாயம் என்று முன்பே ஒப்புக்கொண்டாயிற்று. 2012-இல் சட்டம் வந்தபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. இருந்திருந்தாலும் அது அச்சுப் பிரதிக்குத்தான் நேரடியாக உதவியிருக்கும்.

ஆயினும் 'இந்தியாவில் கிடைக்காத நூல்' என்ற வகை நம் சட்டத்துக்குத் தெரியாததில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 32அ பிரிவு அதையே பேசுகிறது. நூல் வெளிவந்து, அறிவியல் என்றால் 3 ஆண்டு, கதை கவிதை என்றால் 7 ஆண்டு, மற்றவை 5 ஆண்டு கழிந்தும் இந்தியாவில் கிடைக்காவிட்டால், எவரும் உரிமம் கேட்டு அச்சிடலாம். கேட்கவே இனிமையாக இருக்கிறது. அடுத்த வரியில், முறையான பாடப் பயிற்சிக்காக மட்டும் என்று வருகிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் முதலில் பதிப்புரிமை வாரியம். அது 2017-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் கரைந்தது. 2021-இல் அந்த வாரியமே கலைந்து, வேலை வணிக நீதிமன்றங்களுக்குப் போனது. ஒரு நாவலை வாசிக்க ஆசைப்பட்ட திருமுல்லைவாயில் வாசகர், ஏழு வருடம் காத்திருந்து, ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி, வணிக நீதிமன்றம் போய், அச்சடித்துக்கொள்ள வழி இருக்கிறது. வழியே இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

என்னைக் கேட்டால், நிலப் பகுப்பை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஒழித்தால் நியூயார்க் விலைதான் நமக்கும். ஆனால் விற்க ஆளில்லாத நிலத்தைப் பூட்டிவைப்பது வேறு காரியம். துணைக்கண்டத்து உரிமையை ஒருவர் வாங்கி ஓராண்டுக்குள் மின்னூலாக வெளியிடாவிட்டால், அல்லது வாங்க ஆளே வராவிட்டால், முதல் பதிப்பாளரின் கோப்பை இங்கே விற்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்ப்பது முகவர்களுக்குப் பெரிய பாரமில்லை. அதுவரை, திரையில் 'கிடைக்காது' என்பதோடு யாரிடம் உரிமை இருக்கிறது என்றாவது சொல்லலாம். சண்டை போட முகவரி தெரிய வேண்டாமா?

புறனடை

மேற்சொன்ன வகைகளில் அடங்காதவர் இருவரைச் சொல்லி முடிக்க வேண்டும்.

ஒருவர், நூலை நமக்கு முன்பே படித்துவிட்டவர். ஆங்கில நூல் ஒன்றின் உரிமைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பாருங்கள். ஆக்ஸ்போர்டு வெளியீடுகள் பலவற்றில் 'நியூஜென்' பெயரோ, வேறு சிலவற்றில் இன்னொரு சென்னை நிறுவனத்தின் பெயரோ இருக்கும். உலகப் பதிப்பகங்களின் அச்சுக்கோப்பும் மின்னூல் கோப்பும் பெருமளவு சென்னையிலும் புதுச்சேரியிலும் தயாராகின்றன. அந்த வேலைக்குப் போகும் ஒருவர் கொரட்டூரிலோ அயப்பாக்கத்திலோ குடியிருக்கலாம். அத்தியாயம் அத்தியாயமாக அடிக்குறிப்பைக் கோத்து, பிழையைப் பார்த்து, கோப்பை அனுப்பியவர் அவர். வெளிவந்த பிறகு அந்நூல் அவர் நாட்டில் விற்பனைக்கு இல்லாமல் போகலாம். இவரைக் கைக்கிளையில் வைப்பதா, பிரிதலில் வைப்பதா என்று எனக்குத் துணிபு ஏற்படவில்லை.

மற்றவர் தமிழ் எழுத்தாளர். பட்டாபிராமில் இருந்துகொண்டு தானே கிண்டிலில் நூல் ஏற்றுகிறவர். அவருக்கு முகவர் இல்லை, முன்பணம் இல்லை, துணைக்கண்டத்தைத் தனியே வாங்க வரிசையில் நிற்பவரும் இல்லை. ஏற்றும்போது ஒரு பக்கத்தில் நிலம் கேட்கிறார்கள்: உலகம் முழுக்கவா, சில நாடுகள் மட்டுமா? பெரும்பாலோர் உலகத்தைத் தொட்டுவிட்டு விலைப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு சின்ன நில விதி காத்திருக்கிறது: இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால், மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுப்பதாகக் 'கே.டி.பி. செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும், இல்லையேல் 35. அமெரிக்காவில் விற்க அந்த நிபந்தனை இல்லை. ஸ்கார்பரோவிலும் பாரிஸிலும் அவர் நூல் தடையில்லாமல் இறங்குகிறது. சில நாடுகளை மட்டும் விலக்க நினைப்பவருக்குப் பட்டியல் நீளமாகத் தரப்பட்டிருக்கிறது, ஆனால் அது நாடு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அம்பத்தூர்க்காரருக்கு ஆவடிக்கு மட்டும் விற்கக் கூடாது என்ற ஆசை எவ்வளவு இருந்தாலும், பின்கோடு போட இன்னும் கட்டம் வரவில்லை.